நெடுந்தூர ஓட்டமும் தசை வலிமையும்

காவலர் தேர்வுக்கோ இராணுவ ஆட்சேர்ப்புக்கோ அறிவிப்பு வெளிவந்துவிட்டால் நம் கிராமங்களில் ஒரு புதிய சுறுசுறுப்புத் தோன்றிவிடுகிறது. கோழி கூவும் வேளையில், இருள் பிரியுமுன்னரே, வாலிபர்கள் நால்வர் ஐவராகக் கூடித் தார்ச்சாலையில் ஓடத் தொடங்குகின்றனர். 5 கிலோமீட்டர் ஓடுவோரும் உண்டு. 8, 10 என்று ஓடுவோரும் உண்டு. ஒரு நாளும் தவறுவதில்லை. இவ்வூக்கம் பெரிதும் போற்றத்தக்கது. ஆனால் இப்படி ஓடியவர்களுள் பலர், சில மாதங்கள் கழித்துத் தேர்வு மைதானத்தில் கயிறு ஏறும்படி பணிக்கப்படும்போது, பாதி உயரத்தில் கை தளர்ந்து இறங்கிவிடுகின்றனர். இது ஏன் நேருகிறது, இதைத் தவிர்க்க வழி யாது என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நலம்.

எமக்குத் தெரிந்த சிற்றூர் ஒன்றில் ஒரு சிறு விவசாயியின் மகன் இவ்வாறு முயன்றான். தகப்பனாருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். பையன் விடியுமுன் 10 கிலோமீட்டர் ஓடுவான். வந்ததும் வயலில் இறங்கி மண்வெட்டி பிடிப்பான். மாலையில் மறுபடியும் ஓடுவான். நான்கு மாதங்களில் அவனுடைய எடை 61 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைந்துவிட்டது. தேர்வு நாளன்று ஓட்டத்தில் முன்னணியில் வந்து சேர்ந்தான். கயிற்றிலும் நீளந்தாண்டலிலும் தவறினான். வயது வரம்பு கடப்பதற்குள் அவனுக்கு எஞ்சியிருந்தது இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. "பையன் ஓட ஓட இளைக்கிறானே ஐயா, இது பலமா, பலவீனமா?" என்று தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எம்மால் தெளிவான விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தும், பயிற்சியாளர்களை வினவியும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

தேர்வு எதைக் கேட்கிறது?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு ஆண்களுக்கு நடத்திவரும் உடல்திறன் தேர்வில், 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்கவேண்டும். இது நுழைவாயில் போன்றது. இதைக் கடந்தவர்களே அடுத்த கட்டத்திற்குச் செல்வர். அக்கட்டத்தில் கயிறு ஏறுதல், நீளந்தாண்டல் அல்லது உயரந்தாண்டல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவை வைக்கப்படுகின்றன. மதிப்பெண் கிடைப்பது இவற்றிற்கே. பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடும் தேர்வும், அதன்பின் தாண்டுதல், எறிதல், குறுகிய தூர ஓட்டம் ஆகியவையும் உண்டு. இராணுவ ஆட்சேர்ப்பில் 1,600 மீட்டர் ஓட்டமும், குறுக்குக் கம்பியைப் பற்றித் தொங்கி உடலை மேலே இழுப்பதும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும் இடம்பெறுகின்றன. கம்பிப் பயிற்சியை நம் இளைஞர்கள் 'புல்லப்ஸ்' என்பார்கள். அப்பெயரையே நாமும் கையாள்வோம். அதை 10 முறை செய்பவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறக்கூடுமாதலால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளவேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,500 மீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 வினாடி. 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 வினாடி. இந்த வேகம் எளிதன்று என்றாலும், இதைப் பெறுவதற்கு நாள்தோறும் 10 கிலோமீட்டர் ஓடவேண்டும் என்ற அவசியம் சிறிதும் இல்லை. மேலும் 6 நிமிடத்தில் ஓடி முடித்தவனுக்கும் 6 நிமிடம் 50 வினாடியில் முடித்தவனுக்கும் காவலர் தேர்வின் அக்கட்டத்தில் வேற்றுமை கிடையாது. மிகுதியாக ஓடிப் பெற்ற வேகத்துக்குப் பயன் இல்லாதிருக்க, அவ்வோட்டத்திலேயே கரைத்துவிட்ட தோள்வலிமைக்குக் கயிற்றின்மேல் விலை கொடுக்க நேரிடுகிறது. எமக்குத் தெரிந்த அந்தப் பையன் செய்த பிழை இதுவே.

உடலுக்குள் நடப்பது

நம் தசைகள் நூல்போன்ற மெல்லிய இழைகளால் ஆனவை. அவ்விழைகளில் ஒருவகை மெல்லச் சுருங்கும், எளிதில் களைக்காது. மற்றொரு வகை விரைந்தும் மிகுந்த விசையுடனும் சுருங்கும். ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். நாள் முழுவதும் ஏர் இழுக்கும் மாட்டையும், ரேக்ளா வண்டியில் பாயும் காளையையும் ஒப்பிட்டுக் கொண்டால் இது விளங்கும். இரண்டும் மாடுகளே, இரண்டையும் ஒரே விதமாகப் பழக்குவோர் எவருமிலர். நெடுந்தூரம் ஓடும்போது மெல்லச் சுருங்கும் இழைகள் பெரிதும் உழைக்கின்றன. இருதயமும் நுரையீரலும் வலுப்பெறுகின்றன. இரத்தத்திலுள்ள பிராணவாயுவைத் தசை நன்கு பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. கனமான பொருளைத் தூக்கும்போதோ, கம்பியில் உடலை இழுத்து உயர்த்தும்போதோ, விசையுடைய இழைகளும் முழுமையாக வேலைக்கு அழைக்கப்படுகின்றன. ஓய்வில் அவை பருத்து வளர்கின்றன.

இவ்விரண்டையும் ஒருவனே செய்தால் என்னவாகும் என்பதை அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்து 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் எடைதூக்கும் பயிற்சியில் பழகியவர். தம் ஆய்வுக்கூடத் தலைவரான ஜான் ஹொல்லோசியுடன் சேர்ந்து ஓடத் தொடங்கிய பின்னர்த் தம் தசைகள் சுருங்கி வருவதைக் கண்டு, அதற்குக் காரணம் அறிய விரும்பினார் என்பர். அவர் மூன்று குழுக்களை அமைத்தார். ஒரு குழு வலிமைப் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு குழு ஓட்டமும் சைக்கிள் மிதித்தலுமாகிய தாங்கும் திறன் பயிற்சி மட்டும் செய்தது. மூன்றாம் குழு இரண்டையும் குறைக்காமல் செய்தது. 10 வாரங்கள் சோதனை நடந்தது. முதல் ஏழு வாரம் வரையில் மூன்றாம் குழுவினரும் வலிமை பெற்றே வந்தனர். அதன்பின் அவர்கள் வளர்ச்சி நின்றது. 9ஆம், 10ஆம் வாரங்களில் வலிமை குறையவே தொடங்கிவிட்டது. வலிமைப் பயிற்சி மட்டும் செய்தவர்களோ தொடர்ந்து முன்னேறினர். ஆனால் மூன்றாம் குழுவினரின் தாங்கும் திறனுக்கு எவ்விதக் குறையும் நேரவில்லை. அதாவது ஓட்டம் வலிமையைத் தடுத்தது. வலிமைப் பயிற்சி ஓட்டத்தைத் தடுக்கவில்லை.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் ஓட்டமும் உடற்கட்டும் ஒருங்கே வாரா" என்று முடிவு செய்துவிடுதல் தவறாகும். அச்சோதனையில் அவர்கள் வாரத்தில் 5 நாள் வலிமைப் பயிற்சியும் 6 நாள் தாங்கும் திறன் பயிற்சியும் செய்தனர் என்பதைக் கவனிக்கவேண்டும். ஓய்வு என்பதே ஏறக்குறைய இல்லை. பின்னர் உலகின் பல இடங்களில் நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தவர்கள் 2012ஆம் ஆண்டில் கூறியதாவது: ஓடும் நாள்களும் ஓடும் நேரமும் மிகும் அளவுக்கு வலிமைக்கு நேரும் தடையும் மிகுகிறது. 2022ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பு இன்னும் நம்பிக்கை அளிப்பதாக உள்ளது. இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை பருப்பதும் பொதுவான வலிமையும் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்றும், தாவுதல் போன்ற திடீர் விசைக்கு மட்டும், அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் செய்யும்போது, சிறிது குறை நேருகிறது என்றும் அது தெரிவித்தது. அளவும் இடைவெளியுமே இங்கு முக்கியம்.

ஏன் இத்தடை நேருகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. நீண்ட நேரம் ஓடும்போது தசையின் எரிபொருள் குறைகிறது. அக்குறையை உணரும் ஒரு நொதி உயிரணுக்களில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதைச் சுருக்கமாக ஏ.எம்.பி.கே. என்பர். தசையைப் புதிதாகக் கட்டும் வேலையை முடுக்கிவிடுவது எம்டார் என்னும் மற்றொரு பொருள். முன்னது விழித்தெழும்போது பின்னதை அடக்கி வைக்கிறது. குதிரில் நெல் குறைந்துவிட்ட ஆண்டில் எந்த விவசாயியும் புதிய மாட்டுக்கொட்டகை கட்டத் தொடங்கமாட்டான் அன்றோ? உடலும் அவ்விதமே கணக்குப் பார்க்கிறது. மனித உடலில் இக்கணக்கு இவ்வளவு எளிமையாக நடப்பதில்லை என்று அறிஞர்கள் கூறினாலும், உணவும் ஓய்வும் குறைந்தால் கட்டும் வேலை நின்றுபோகும் என்பதில் ஐயமில்லை.

ஓட்டக்காரனுக்கும் வலிமை தேவை

"எடை தூக்கினால் உடம்பு கனத்துவிடும், ஓட முடியாது" என்னும் அச்சம் நம் இளைஞரிடையே பரவலாக இருக்கிறது. இது ஆதாரமற்றது. பின்லாந்து நாட்டில் நன்கு பழகிய ஓட்டக்காரர்களைக் கொண்டு 9 வாரங்கள் நடத்திய சோதனை ஒன்று 1999இல் வெளிவந்தது. அவர்களுடைய பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை ஓட்டத்திலிருந்து எடுத்துத் தாவுதல், குறுவிரைவு ஓட்டம் முதலியவற்றிற்கு அளித்தனர். அவர்கள் 5 கிலோமீட்டரை ஓடி முடிக்கும் நேரம் குறைந்தது. நார்வேயில் 2008இல் வெளியான ஆய்விலோ, ஓட்டக்காரர்கள் தோளில் பளுவைத் தாங்கிப் பாதி உட்கார்ந்தெழும் பயிற்சியை 8 வாரங்கள் செய்தனர். அதே வேகத்தில் ஓடுவதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்ட பிராணவாயு 5 சதவீதம் குறைந்தது. உடல் எடையும் கூடவில்லை. வண்டியின் அச்சும் கடையாணியும் உறுதியாக இருந்தால் மாட்டுக்கு இழுவை எளிதாவது போன்றதே இது.

வாரப் பயிற்சியை எவ்வாறு வகுப்பது?

பயிற்சியாளர் பலரும் கூறுவதைத் தொகுத்து, வயல் வேலையும் செய்யும் ஒரு கிராமத்து வாலிபனுக்கு ஏற்ற முறையொன்றை இங்குத் தருகிறோம். ஞாயிறு முழு ஓய்வு. திங்களன்று காலும் தோளும் சேர்ந்த வலிமைப் பயிற்சி. செவ்வாயன்று, உடன் ஓடுபவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் 5 கிலோமீட்டர். புதன் ஓய்வு அல்லது மெல்லிய நடை. வியாழனன்று கை, தோள், முதுகு ஆகியவற்றிற்கு மட்டும் வலிமைப் பயிற்சி. அன்று காலை வருத்தக்கூடாது. ஏனெனில் வெள்ளியன்று விரைவோட்டம் இருக்கிறது: 400 மீட்டரைத் தேர்வு வேகத்திலோ அதைவிடச் சற்று விரைவாகவோ ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடுதல், இவ்விதம் ஐந்து முறை. சனிக்கிழமை 7 அல்லது 8 கிலோமீட்டர் மெதுவோட்டம். இதில் ஓடும் நாள்கள் மூன்றே. "மூன்று நாள் ஓடினால் போதுமா?" என்று ஐயுறுவோர் எட்டு வாரம் இதைச் செய்து, கடிகாரத்தை வைத்துப் பார்க்கட்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்ய நேர்ந்தால், காலையில் வலிமைப் பயிற்சியை முடித்துக்கொண்டு, 6 மணி நேரமாவது கழித்து மாலையில் ஓடுதல் நன்று. ஓடிக் களைத்த உடனே கயிற்றைப் பற்றுவது வீண் முயற்சி.

வலிமைப் பயிற்சிக்குப் பட்டணத்து உடற்பயிற்சி நிலையத்தை நாடவேண்டியதில்லை. இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னே போட்ட வழக்கமும், கர்லாக்கட்டை சுழற்றிய வழக்கமும் உள்ள நாடு இது. தண்டாலும் பஸ்கியும் நம்மவர் அறிந்தவையே. ஆனால் இவற்றில் ஒரு குறிப்பை மறந்துவிடுகிறோம். சுமை சிறிது சிறிதாக ஏறவேண்டும். 100 பஸ்கியை 200 ஆக்குவதால் களைப்புத்தான் பெருகும். வலிமை அவ்வளவாகப் பெருகாது. ஆகவே ஒரு பழைய உரச்சாக்கில் 15 கிலோ அளவுக்கு மணலைக் கட்டி, அதைத் தோளில் வைத்து 8 முதல் 12 முறை உட்கார்ந்தெழவேண்டும். சற்று ஓய்ந்து, இவ்விதம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் "இன்னும் இரண்டு முறைதான் முடியும்" என்ற நிலையில் நிறுத்திவிடவேண்டும். 12 முறை எளிதாக வந்துவிட்டால் சாக்கில் ஒரு படி மணலைக் கூட்டிக்கொள்ளலாம். அது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இருக்கும்.

புல்லப்ஸ் ஒன்றுகூட எடுக்க முடியாதவன் மனம் தளர வேண்டாம். ஒரு முக்காலியின் மேல் ஏறி, மோவாய் கம்பிக்கு மேல் இருக்கும்படி பற்றிக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல மெல்ல இறங்கவேண்டும். ஐந்து முறை இறங்குவது ஒரு சுற்று. சில வாரங்களில் ஏறவும் வந்துவிடும். கயிற்றுக்கான பிடிப்பு வலுப்பெற, கம்பியின் மேல் ஒரு முரட்டுத் துண்டை முறுக்கிப் போட்டு அதன் இரு முனைகளையும் பற்றித் தொங்குதல் நல்ல உபாயம்.

வயல் வேலை எந்தக் கணக்கில் சேரும்?

இவ்வினாவைப் பட்டணத்துப் பயிற்சியாளர்கள் கேட்பதில்லை. ஆனால் நமக்கு இதுவே தலையாயது. "என் மகன் நாள் முழுதும் வரப்பு வெட்டுகிறான், மூட்டை சுமக்கிறான், அவனுக்குத் தனியாக வலிமைப் பயிற்சி எதற்கு?" என்று தந்தைமார் கேட்பதுண்டு. வயல் உழைப்பால் உடல் உறுதிப்படுகிறது என்பது உண்மையே. எனினும் அதே மண்வெட்டியை அதே எடையில் ஆயிரம் முறை வீசுவது, தசையின் பார்வையில், தூக்கும் பயிற்சியைவிட ஓட்டத்தையே பெரிதும் ஒத்தது. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. அதற்குமேல் வலிமை கூடுவதில்லை, களைப்பு மட்டும் நாள்தோறும் சேர்கிறது. அதன்மேல் 10 கிலோமீட்டர் ஓட்டத்தையும் ஏற்றினால், ஹிக்சனின் மூன்றாம் குழுவினரைவிடக் கடுமையான நிலையில் அப்பையனை நிறுத்துகிறோம் என்றே பொருள்.

ஆகையால் உழவு, நடவு, அறுவடை, கரும்பு வெட்டு ஆகிய வேலை மிகுந்த நாள்களை ஓடிய நாள்களாகவே கணக்கிட வேண்டும். அன்று ஓட்டத்தை விட்டுவிடலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. வலிமைப் பயிற்சியை மட்டும் வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரமேனும், வேலைக்குப் போகுமுன் செய்துவிடுவது விரும்பத்தக்கது. அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாதங்களில் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தேர்வுக்கு முந்திய ஒரு மாதமாவது மகனைக் கடும் சுமைகளிலிருந்து விடுவிக்கக் குடும்பத்தாரால் இயலுமாயின் அது பேருதவி. இயலாத குடும்பங்களும் உண்டு என்பதை அறிவோம். அங்கே ஓட்டத்தைக் குறைப்பதுதான் வழியே ஒழிய, உறக்கத்தைக் குறைப்பது வழியன்று. இரவில் 7, 8 மணி நேர உறக்கம் வேண்டும். இக்காலத்தில் அந்த உறக்கத்தைத் திருடுவது வயல் அன்று, கையிலுள்ள செல்போனே என்பதைப் பெற்றோர்கள் எமக்குச் சொல்லாமலே அறிவார்கள்!

உணவு

ஓட ஓட இளைப்பதன் முதற்காரணம் இலையில்தான் இருக்கிறது. 10 கிலோமீட்டர் ஓடும் 60 கிலோ எடையுள்ளவன் ஏறக்குறைய 600 கலோரி செலவிடுகிறான். அதை ஈடுசெய்யாவிட்டால் உடல் தன் கையிருப்பைத் தின்னும். கொழுப்பு மட்டுமன்றித் தசையும் அதில் அடங்கும். சாதாரண வாழ்வுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. ஓட்டமும் வலிமைப் பயிற்சியும் செய்பவனுக்கு அது போதாது, 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு இது 72 முதல் 96 கிராம் வரையாகும்.

இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. மூன்று வேளைக்கும் சேர்த்து 400 கிராம் அரிசியில் சுமார் 30 கிராம் புரதம் இருக்கிறது. சாம்பாருக்கு இடும் பருப்பு அவன் பங்குக்கு 75 கிராம் என்றால் 16 கிராம். ஒரு கைப்பிடிக்குச் சற்று மேற்பட்ட நிலக்கடலை, அதாவது 50 கிராம், 12 கிராம் தரும். முட்டை இரண்டில் 12. கால் லிட்டர் பாலில் 8. 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10. ஆக மொத்தம் 88 கிராம். முட்டை உண்ணாத வீட்டில் பயறும் தயிரும் சற்றுக் கூடுதலாகட்டும். மீன் கிடைக்கும் கடற்கரைக் கிராமங்களில் இக்கவலையே வேண்டாம். பளபளப்பான டப்பாக்களில் விற்கப்படும் புரதப் பொடிக்கு ஆகும் செலவில், ஒரு குடும்பம் முழுவதற்கும் பல வாரங்களுக்கு நிலக்கடலை வாங்கிவிடலாம். தசை வளரும் என்று கூறிச் சிலர் விற்கும் ஊசிமருந்துகளையும் மாத்திரைகளையும் தொடவே கூடாது. இருதயத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

பெண்கள் விஷயத்தில் மேலும் ஒரு கவனம் தேவை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்திருக்க, எவ்வளவு ஓடினாலும் மூச்சு வாங்குமே அன்றி முன்னேற்றம் இராது. பயிற்சி தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றுபோனால், உணவு போதவில்லை என்பதற்கு அது அடையாளம். அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறவேண்டும்.

வெயிலும் ஓர் எதிரி. சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்கு மேல் ஓடுதல் ஆபத்து. உப்பிட்ட மோரோ நீராகாரமோ தாராளமாகப் பருகவேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தாலும், மயக்கம் வந்தாலும், கடும் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினாலும் தாமதமின்றி மருத்துவரைக் காணவேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தோன்றினால் ஓட்டத்தைச் சில நாள் நிறுத்தி, பின்னர்த் தாரை விட்டு மண்ணில் ஓடவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இருட்டில் நெடுஞ்சாலையில் ஓடும் வாலிபர்கள் லாரிகளுக்கு இரையாகும் செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருப்போம். இதைத் தடுக்க ஊருக்குள்ளேயே ஓரிடம் அமைத்துத் தருவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பள்ளி மைதானத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ நடுவே ஒரு முளையை அடித்து, 31 மீட்டர் 83 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்து சுண்ணாம்புக் கோடு இட்டால், சுற்றளவு 200 மீட்டர் உள்ள வட்டம் கிடைக்கும். அதில் ஏழரைச் சுற்று 1,500 மீட்டர். எட்டுச் சுற்று 1,600 மீட்டர். கோட்டின் வெளிப்புறமாக ஒட்டி ஓடவேண்டும். இதனால் இளைஞர்கள் குத்துமதிப்பாக ஓடுவதை விட்டுக் கடிகாரம் பார்த்து ஓடக் கற்பார்கள். இடம் போதாத ஊர்களில் ஏரிக்கரையை அளந்து 100 மீட்டருக்கு ஒரு கல் நடலாம்.

அதனருகே தரையிலிருந்து 8 அடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. சற்றுத் தாழ்வாக 7 அடியில் இன்னொன்று. நீளந்தாண்டலுக்கு மணற்குழி ஒன்று வேண்டும். அதில் கண்ணாடித் துண்டும் முள்ளும் கிடவாதபடி வாரம் ஒருமுறை கிளறிச் சலிக்கவேண்டும். 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்கீழ்ப் பல பஞ்சாயத்துகளில் உடற்பயிற்சிக் கூடங்கள் கட்டப்பட்டன. அவ்வூர்களில் கூடம் பூட்டிக் கிடக்குமானால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்தில் விசாரித்துக்கொள்ளலாம். பெண்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கி, ஆசிரியை ஒருவரோ மகளிர் குழுவினரோ உடனிருக்க ஏற்பாடு செய்தால், வீட்டார் தயங்காமல் அனுப்புவார்கள்.

இம்மைதானம் வேலை தேடும் வாலிபர்களுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் அனைவரும் வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்த நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாளேனும் தசைக்கு வலிமை தரும் பயிற்சியும் செய்யவேண்டும் என்று கூறியிருக்கிறது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வரப்பில் நடப்பதே குறைந்துபோன நம் போன்ற நடுத்தர வயதினருக்கும் இது பொருந்தும்.

அந்தத் தகப்பனாரின் மகன் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறான். எடை 59 கிலோவாக ஏறியிருக்கிறது. ஓட்ட நேரம் பழையபடியே இருக்கிறது. புல்லப்ஸ் எட்டு வரையில் வந்துவிட்டது. அவ்வூர்ப் பஞ்சாயத்தார் பள்ளிக்குப் பின்னால் கயிறு ஏறுவதற்கு ஒரு கம்பம் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தேர்வில் 6 மீட்டர் வரையில் ஏற வேண்டியிருக்குமாதலால் கம்பத்தின் உயரம் தரைக்கு மேல் 7 மீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டு இரும்புக் குழாய்களைக் காங்கிரீட்டில் ஊன்றி, மேலே குறுக்குச் சட்டம் வைத்து, அதன் நடுவில் வளையமிட்டுக் கயிற்றைக் கட்டவேண்டும். கயிற்றில் 5 மீட்டரிலும் 6 மீட்டரிலும் சிவப்புத் துணியைச் சுற்றி அடையாளம் செய்துவிடலாம். அடியில் முழங்கால் ஆழத்திற்கு மணல் நிரப்பவேண்டும். புதிதாக ஏறுவோர் தனியே ஏறக்கூடாது. மழைக்காலத்தில் கயிற்றை அவிழ்த்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் உலர்வாக வைத்திருந்து, மீண்டும் கட்டுமுன் பலசாலிகள் இருவர் அதைப் பற்றித் தொங்கி இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.